செக்ரோலில் ஒரே பெயர்

கமலேந்திரன்,
ஐந்து மணி நோர்வூட் பஸ்ஸைப் போகவிட்டு
என் கடைப் பலகையில் சாய்ந்துகொண்டு நீ கேட்டதை
அட்டனில் இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
"ஒரே ஒரு ஆள் போற கேம் இருக்கா அக்கா?
கூட்டாளி வேண்டாம். படை வேண்டாம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பேர் போட்டுட்டு வாறேன்,
ராத்திரியிலயும் ஆறு பேருக்கு வேலை பிரிக்க ஏலாது."

சிரித்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன்.
உன் காம்பிரா எனக்குத் தெரியும்:
எட்டுப் பேர், இரண்டு கட்டில்,
நடுவில் கதவென்று தொங்கும் ஒரு சாரம்.
ஊரெல்லாம் தனிமைக்கு மருந்து தேடுகிறது.
நீ அதைக் கடனாகக் கேட்கிறாய்,
அதுவும் பென்டிரைவில்.

சரி, எழுதிக்கொள்.

சிறைக்குழியில் கண் விழிக்கிறவனின் கதை முதலில் வேண்டாம்.
எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.
மூன்றாம் மணி நேரத்தில் பாலத்துப் பூதம் ஒன்று
உன்னைப் பதினேழு தடவை கொல்லும்.
நாலு பேராகப் போகிறவர்களுக்குச் செய்த பூதம் அது,
பிறகு யாரோ மூன்று பேரை மட்டும் அழித்துவிட்டார்கள்.

துறைமுகத்தில் கடனாளியாக வந்து இறங்குகிறவனை எடு.
வாள் தேவைப்படாது. வாய் இருந்தால் போதும்.
ஆரம்பத்தில் இருபது புள்ளி தருவார்கள்,
பலம், கண், கை, பேச்சு என்று பிரித்துப் போட.
ஆமாம், இருபதேதான். கிலோ இல்லை, பயப்படாதே,
பத்தொன்பதோடு நின்றாலும் அரைப்பேர் விழாது.
பேச்சுக்கு ஒன்பது வை. பலத்துக்கு இரண்டு காணும்.
தனி ஆளுக்கு எல்லாம் வராது,
இந்த வகையின் ருசியே அதில்தான்:
பூட்டுடைக்கத் தெரியாதவன்
கதவைத் தட்டிப் பழகவேண்டும்.

இங்கிலீஷ் நிறைய இருக்கும்.
செக்ரோலுக்கடியில் அகராதியை மறைத்து வை,
பெரிய கிளாக்கர் பார்த்தால் பரீட்சைக்கு என்று சொல்.

இன்னொன்று, பனிமலை.
வரைபடம் தராத கேம். நான் முடிக்கவில்லை.
ஆடி மழையில் மட்டும் அதைத் தொடாதே.
ஜன்னலிலும் மூட்டம், திரையிலும் மூட்டம்,
எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல்
விடியும்வரை இருந்திருக்கிறேன்.

சேவ் பண்ணு.
வட்டவளைப் பக்கம் இடி கேட்டால் உடனே சேவ் பண்ணு.
கரண்ட் நம்மிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை.

*

ஐப்பசியில் லெப்டொப் சூடாகுது என்று கொண்டுவந்தாய்.
திறந்தால் விசிறி முழுக்கத் தேயிலைப் பஞ்சு,
ஒரு கைப்பிடி, பொன்னிறமாக.
பெக்டரிச் சுவரோடு ஒட்டின ஒபீஸ்,
அந்த இயந்திரமும் உன்னைப்போல் அதைத்தான் மூச்சிழுத்திருக்கிறது.
தூரிகையால் தட்டி, பேஸ்ட் பூசி, மூடினேன்.
சூட்டைச் சோதிக்கத்தான் கேமைத் திறந்தேன்.
பொய். பார்க்க ஆசை.

நாற்பத்தொரு மணி நேரம்.
ஆளின் பெயர்: 213.
பேச்சு ஒன்பது, நான் சொன்னபடி.
பையில் பதினொரு கம்பளி, ஆறு லாந்தர்,
யாருக்கும் உதவாத ஒரு நங்கூரம்.
ஒன்றையும் விற்கவில்லை நீ.
சுமை எல்லை தாண்டிவிட்டது,
ஓட முடியாமல் நகரம் முழுக்க நடந்தே திரிந்திருக்கிறாய்.

கடைசி சேவ் மீன்சந்தை வாசலில்.
படகைப் பறிகொடுத்த ஒருத்தி எதிரில் நின்று கேட்கிறாள்,
"உன்னோடு வரட்டுமா?"
கீழே இரண்டு பதில்கள்.
அதே இடத்தில் ஆறு சேவ், ஆறு வேறு தேதிகளில்,
எல்லாம் இரவு பதினொன்றுக்குப் பிறகு.

இப்படி ஒருத்தி வருவாள் என்று
உன்னிடம் சொல்ல மறந்துவிட்டேன், தம்பி.
நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும்
இப்போது சொல்லப்போவதில்லை.

எதையும் தொடாமல் மூடினேன்.
விசிறி துப்புரவு, ஆயிரத்து இருநூறு.
ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது,
எங்கிருந்து கழன்றதென்று தெரியவில்லை.
சனிக்கிழமை வந்து எடுத்துப் போ.